அரிவாள் செல் குழந்தைகளும் ஹெபடைடிஸ் சி தொற்றும்: கண் மஞ்சளை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாதது ஏன்?

அரிவாள் செல் ரத்தசோகை உள்ள ஒரு குழந்தைக்கு வழக்கமான பரிசோதனை நடக்கிறது. 'எச்.சி.வி. எதிர்ப்பான்: ரியாக்டிவ்' என்று அறிக்கை வருகிறது. எச்.சி.வி. என்பது ஹெபடைடிஸ் சி வைரஸ்; எதிர்ப்பான் என்பது அதை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம். குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறது, விளையாடுகிறது, புதிதாக ஒரு தொந்தரவும் இல்லை. ஏற்றிய ரத்தத்திலிருந்து வந்ததா, கல்லீரல் கெட்டுவிட்டதா, இனி ரத்தம் ஏற்றலாமா என்று பெற்றோருக்கு வரிசையாகக் கேள்விகள் எழுகின்றன.

மூன்றுக்கும் தெளிவான விடை உண்டு. ஆனால் ஒன்றை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மற்றக் குழந்தைகளிடம் கல்லீரல் நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களில் பெரும்பாலானவை இந்தக் குழந்தைகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்குக் காரணம் அரிவாள் செல் நோய். ஆகவே தொற்று தானாக வெளியே தெரியவராது. தேடினால்தான் அகப்படும்.

## இரண்டு நோய்கள், சுருக்கமாக

அரிவாள் செல் நோய் பரம்பரையாக வருவது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும்; இவர்களுக்கு அங்கே வேலின் இருக்கிறது. ஆக்சிஜன் குறையும்போது இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகிறது, சிவப்பணு அரிவாள் வடிவில் வளைகிறது. வளைந்த அணுக்கள் சிறு ரத்தக் குழாய்களை அடைத்துக் கடும் வலியை உண்டாக்குகின்றன. அதோடு சீக்கிரம் உடைந்தும் போகின்றன. சாதாரணச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இவர்களுக்கு 10 முதல் 20 நாள்தான்.

ஹெபடைடிஸ் சி, ரத்தத்தின் வழியே பரவும், ஆர்.என்.ஏ.வை மரபுப் பொருளாகக் கொண்ட ஒரு வைரஸ். 1989இல்தான் இது அடையாளம் காணப்பட்டது. அந்தப் பணிக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹவுட்டன், சார்ல்ஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. தொற்றியவர்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தினர் ஆறு மாதத்துக்குள் சிகிச்சையின்றியே வைரஸிலிருந்து விடுபடுகிறார்கள். மீதிப் பேரிடம் அது தங்கிவிடுகிறது. இதுதான் நாள்பட்ட தொற்று. பெரும்பாலும் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இருக்காது. உள்ளே கல்லீரலில் மெல்ல மெல்ல வடுத்திசு படியும். 20 ஆண்டுகளில் 15 முதல் 30 சதவீதத்தினருக்கு அது சிரோசிஸ் (கல்லீரல் முழுவதும் வடுவாகி இறுகும் நிலை) வரை போகலாம். தடுப்பூசி கிடையாது. ஆனால் குணப்படுத்தும் மாத்திரை உண்டு.

## இந்தக் குழந்தைகளுக்கு ஏன் இவ்வளவு ரத்தம்?

சிலருக்கு அவசர நேரத்தில் மட்டும் ரத்தம் தேவைப்படும்: மண்ணீரலில் திடீரென ரத்தம் தேங்கும்போது, பார்வோ வைரஸ் பி19 தொற்றி எலும்பு மஜ்ஜை சில நாள் வேலையை நிறுத்தும்போது, நுரையீரல் பாதிக்கப்படும்போது, அறுவை சிகிச்சைக்கு முன்பு. இன்னொரு கூட்டத்துக்கு மாதாமாதம், ஆண்டுக்கணக்கில் தேவைப்படும். அதற்கு முக்கியக் காரணம் பக்கவாதத் தடுப்பு. மூளை ரத்தக் குழாய்களில் ரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளர் கருவியால் அளக்கும்போது அது நொடிக்கு 200 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்தக் குழந்தைக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம். தொடர்ந்து ரத்தம் ஏற்றினால் இந்த ஆபத்து சுமார் 90 சதவீதம் குறைகிறது என்பதை 1998இல் வெளிவந்த 'ஸ்டாப்' ஆய்வு நிறுவியது.

எண்ணிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு முறைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.லி. என்ற அளவில், 25 கிலோ குழந்தைக்கு 250 முதல் 375 மி.லி. தேவை. அதாவது ஒன்று அல்லது இரண்டு பை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 13 முறை. 13 முதல் 26 கொடையாளர்களின் ரத்தம். பத்து ஆண்டில் அது நூறைத் தாண்டிவிடும். குழந்தையின் ரத்தத்தை எடுத்துவிட்டுக் கொடையாளர் ரத்தத்தை நிரப்பும் மாற்று ரத்தமேற்ற முறையில் பைகளின் எண்ணிக்கை இன்னும் கூடும். ஒரு பையில் இருக்கும் ஆபத்து மிகச் சிறியதாக இருந்தாலும், அதை எத்தனை பையால் பெருக்குகிறோம் என்பதே இங்கே கேள்வி.

## பரிசோதித்த ரத்தத்திலிருந்தும் வருமா?

ரத்த வங்கிகளில் ஹெபடைடிஸ் சி பரிசோதனை 1990இல் தொடங்கியது. மேம்பட்ட இரண்டாம் தலைமுறைப் பரிசோதனை 1992இல் வந்தது. அதற்கு முன் ரத்தம் பெற்றவர்களிடம் தொற்று அதிகமாக இருப்பது இதனால்தான். பிறகும் ஓர் இடைவெளி இருக்கிறது. வைரஸ் உடலுக்குள் நுழைந்தபின் அதற்கெதிரான எதிர்ப்பான் ரத்தத்தில் தென்பட 8 முதல் 11 வாரம் ஆகும். அந்த இடைக்காலத்தில் ஒருவர் ரத்தம் கொடுத்தால், எதிர்ப்பான் பரிசோதனை 'இல்லை' என்றே சொல்லும். பைக்குள் வைரஸ் இருக்கும்.

இந்த இடைவெளியைச் சுருக்குவது 'நாட்' எனப்படும் நியூக்ளிக் அமிலப் பரிசோதனை. இது வைரஸின் ஆர்.என்.ஏ.வையே நேரடியாகத் தேடுகிறது. இதனால் கண்ணுக்குத் தப்பும் காலம் ஒன்றிரண்டு வாரமாகக் குறைகிறது. எல்லாப் பைகளுக்கும் இந்தப் பரிசோதனை நடக்கும் அமெரிக்காவில், ஒரு பையால் தொற்றும் வாய்ப்பு சுமார் 20 லட்சத்தில் ஒன்று என மதிப்பிடப்பட்டுள்ளது. எதிர்ப்பான் பரிசோதனையை மட்டும் நம்பும் இடங்களில், அல்லது பரிசோதனைக் கருவிப்பெட்டி தீர்ந்துபோய் அவசரத்தில் சோதிக்காமல் ஏற்றும் இடங்களில், கதையே வேறு.

ரத்தப் பையின் மீதே எல்லாப் பழியையும் போடுவதும் சரியில்லை. இந்தக் குழந்தைகள் மருத்துவமனைக்கு அடிக்கடி வருபவர்கள். ஊசி குத்தல்கள் அதிகம். மற்ற வழிகள் இவை:

1. ஒரே மருந்துக் குப்பியிலிருந்து பலருக்கு மருந்து எடுப்பது. ஊசியை மட்டும் மாற்றிவிட்டுச் சிரிஞ்சை மறுபடி குப்பிக்குள் விட்டால் போதும், குப்பி முழுவதும் மாசுபடும். சிரை ஊசியைக் கழுவ வைத்திருக்கும் சலைன், ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) குப்பிகளில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கும். சிரிஞ்சுக்குள் தங்கிய ரத்தத்தில் இந்த வைரஸ் 63 நாள் வரை உயிர்ப்போடு இருந்ததை ஆய்வகச் சோதனை காட்டியிருக்கிறது.
2. சரியாகக் கிருமி நீக்காத பல் மருத்துவக் கருவிகள், காது குத்தும் ஊசி, பச்சை குத்தும் ஊசி, தோலைக் கீறி மருந்திடும் வைத்திய முறைகள்.
3. தாயிடமிருந்து. தாய்க்குத் தொற்று இருந்தால் பிரசவத்தின்போது குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம். தாய்க்கு எச்.ஐ.வி.யும் இருந்தால் இது ஏறத்தாழ இரட்டிப்பாகும். அறிக்கை ரியாக்டிவ் ஆக வந்தால் தாயையும் பரிசோதிக்க வேண்டும். இந்தப் படி பல நேரம் விடுபட்டுப் போகிறது.

## அறிகுறிகள் ஏன் ஏமாற்றுகின்றன?

பொதுவாகக் குழந்தையின் கண் மஞ்சளானால் கல்லீரலைப் பற்றித்தான் மருத்துவர் முதலில் நினைப்பார். அரிவாள் செல் குழந்தைக்குக் கண் மஞ்சள் அன்றாட நிலை. 'இவனுக்கு எப்போதுமே இப்படித்தான்' என்று வீட்டாரும் சொல்வார்கள், மருத்துவரும் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார். ரத்தப் பரிசோதனைகளிலும் இதே குழப்பம்தான்:

பிலிருபின். சிவப்பணு உடையும்போது உருவாகும் மஞ்சள் நிறமி. சிவப்பணு உடைவதால் எப்போதும் கூடுதலாகவே இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் மறைமுக வகை, அதாவது கல்லீரல் இன்னும் பக்குவப்படுத்தாதது; பக்குவப்படுத்தியது நேரடி வகை. அணுச் சிதைவு மட்டுமே காரணம் என்றால் மொத்த அளவு பொதுவாக டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமைத் தாண்டாது. நேரடி வகைப் பிலிருபின் கூடினால், 'வழக்கமானதுதான்' என்று விடக் கூடாது. பித்தக்கல், பித்தத் தேக்கம், கல்லீரல் அழற்சி ஆகியவற்றில் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது.

ஏ.எஸ்.டி. (பழைய பெயரில் எஸ்.ஜி.ஓ.டி.). இந்த நொதி சிவப்பணுவுக்குள்ளும் இருக்கிறது. அணு உடைந்தாலே இது கூடும். ஆகவே இதை மட்டும் வைத்துக் கல்லீரலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஏ.எல்.டி. (எஸ்.ஜி.பி.டி.). கல்லீரலுக்கு ஓரளவு நம்பகமான அடையாளம் இதுதான். ஆனால் இரண்டு சிக்கல்கள் உண்டு. நாள்பட்ட ஹெபடைடிஸ் சி உள்ள பல குழந்தைகளுக்கு இது இயல்பாகவே இருக்கும். கூடியிருந்தாலோ, இரும்புச் சேர்மானம், இரும்பை வெளியேற்றத் தரும் டிஃபெரசிராக்ஸ் மருந்தின் பக்க விளைவு, கல்லீரலிலேயே அரிவாள் அணுக்கள் அடைத்தல் என்று வேறு காரணங்கள் வரிசையாக நிற்கும்.

ஆல்கலைன் பாஸ்படேஸ். கல்லீரலிலும் எலும்பிலும் உள்ள நொதி. வளரும் குழந்தைக்கும் எலும்பு வலி வந்த குழந்தைக்கும் கூடுதலாகவே இருக்கும். இதனால் பெரிய பயன் இல்லை.

சோர்வு, வலப்பக்க வயிற்று வலி, கல்லீரல் வீக்கம், அடர்ந்த சிறுநீர் என எதை எடுத்தாலும் அரிவாள் செல் நோயில் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். அதனால் அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. வழக்கமாக ரத்தம் பெறும் குழந்தைக்கு ஆண்டுக்கு ஒருமுறை தேடல் பரிசோதனை நடக்க வேண்டும்.

## எந்தப் பரிசோதனை, எந்த வரிசையில்?

1. முதலில் எதிர்ப்பான் பரிசோதனை. ரியாக்டிவ் என்றால் 'உடல் இந்த வைரஸை எப்போதோ சந்தித்திருக்கிறது' என்பது மட்டுமே பொருள். இப்போது நோய் இருக்கிறது என்று பொருள் இல்லை.
2. ரியாக்டிவ் என்றால், உடனே ஆர்.என்.ஏ. அளவுப் பரிசோதனை. வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதை முடிவுசெய்வது இதுதான். இந்த வசதி இல்லாத இடத்தில் வைரஸின் உட்கருப் புரதத்தைத் தேடும் கோர் ஆன்டிஜென் பரிசோதனை உதவும். முதல் மாதிரியிலேயே இரண்டையும் செய்துவிட்டால் குழந்தையை மீண்டும் வரவழைக்க வேண்டியதில்லை. இடையில் தொடர்பு விட்டுப்போவதும் நிற்கும்.
3. சமீபத்தில் ஐயத்துக்குரிய ரத்தம் ஏற்றப்பட்டோ ஊசி போடப்பட்டோ இருந்தால் எதிர்ப்பானுக்காகக் காத்திருக்காமல் நேரடியாக ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்திலேயே அது தென்படத் தொடங்கும்.
4. 18 மாதத்துக்குட்பட்ட குழந்தையிடம் தென்படும் எதிர்ப்பான் தாயிடமிருந்து வந்ததாக இருக்கலாம். அந்த வயதில் ஆர்.என்.ஏ. முடிவை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும்.
5. ஆர்.என்.ஏ. இருந்தால், சிகிச்சைக்கு முன் ஹெபடைடிஸ் பி (மேற்பரப்பு ஆன்டிஜென், உட்கரு எதிர்ப்பான் இரண்டும்), எச்.ஐ.வி., சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி மறைந்திருந்தால், சி வைரஸ் ஒழியும் நேரத்தில் அது கடுமையாகத் தலைதூக்கக்கூடும்.

## கல்லீரல் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது?

தனியாக ஹெபடைடிஸ் சி மட்டும் இருந்தால் குழந்தைகளிடம் வடு மெதுவாகவே படியும். இங்கே கூட்டாளி ஒன்று இருக்கிறது: இரும்பு. ஒரு பை சிவப்பணுவில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடல் ஒரு நாளைக்கு இழப்பதோ ஒரு மில்லிகிராம் அளவுதான். கூடுதல் இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது. அது கல்லீரலில் போய்த் தங்குகிறது. வைரஸும் இரும்பும் ஒரே கல்லீரலில் சேரும்போது வடு வேகமாகப் படிகிறது. அதனால் இரும்பு நீக்க சிகிச்சையைத் தனி விஷயமாக ஒதுக்க முடியாது. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் அளவு அழற்சியின்போது தானாகவே கூடும் என்பதால், வசதி இருக்குமிடத்தில் எம்.ஆர்.ஐ. மூலம் கல்லீரல் இரும்பை அளப்பது நல்லது. உலர்ந்த கல்லீரல் எடையில் கிராமுக்கு 7 மில்லிகிராமைத் தாண்டினால் நிலைமை கவலைக்குரியது.

பெரியவர்களுக்குப் பயன்படும் எளிய கணக்கீடுகள் இங்கே தடுமாறும். ஏ.பி.ஆர்.ஐ. எண் என்பது ஏ.எஸ்.டி.யைத் தட்டணு (ரத்தம் உறைய உதவும் அணு) எண்ணிக்கையால் வகுத்து வருவது. இந்தக் குழந்தைகளுக்கு அணுச் சிதைவால் ஏ.எஸ்.டி. கூடுதல்; அரிவாள் அணுக்கள் அடைத்து மண்ணீரல் செயலிழந்ததால் தட்டணுவும் கூடுதல். மேலும் கீழும் பொய்யான இரண்டு எண்களை வகுத்து வருவதை நம்பி முடிவெடுக்க முடியாது.

கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் வலியில்லாதது, பயனுள்ளது. ஆனால் வலி நெருக்கடியின் நடுவே அளந்தால் ரத்தத் தேக்கத்தால் விறைப்பு கூடுதலாகக் காட்டும். குழந்தை நலமாக இருக்கும் நாளில்தான் அளக்க வேண்டும். ஊசியால் கல்லீரல் திசு எடுக்கும் பயாப்சி, கடும் நெருக்கடியில் இருக்கும் அரிவாள் செல் நோயாளிக்கு ஆபத்தான ரத்தப்போக்கை உண்டாக்கியதுண்டு. இன்று சிகிச்சை தொடங்க பயாப்சி தேவையே இல்லை.

## சிகிச்சை: அன்று தடை, இன்று மாத்திரை

பழைய சிகிச்சையில் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் தரப்பட்டன. ரிபாவிரின் சிவப்பணுவுக்குள் சேர்ந்து அதன் ஆற்றலைத் தீர்த்து அதை உடைக்கும். ஏற்கெனவே அணு உடையும் குழந்தைக்கு இதைத் தருவது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவது போல. அரிவாள் செல் நோய்க்கு அது தவிர்க்க வேண்டிய மருந்து என்றே குறிக்கப்பட்டிருந்தது. இன்டர்ஃபெரான் வெள்ளணுக்களைக் குறைக்கும், அரிவாள் செல் நோய்க்குத் தரும் ஹைட்ராக்ஸியூரியா மருந்தும் குறைக்கும், மண்ணீரல் செயலிழந்த குழந்தைக்கு இது பெரும் தொற்று அபாயம். ஆகவே பல குழந்தைகள் கண்டறியப்பட்டும் சிகிச்சையின்றி விடப்பட்டார்கள். 'கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறோம்' என்ற மனநிலை அந்தக் காலத்தில் உருவானது. அது இன்னும் சில இடங்களில் தொடர்வதுதான் சிக்கல்.

இன்றைய மருந்துகள் வைரஸ் பெருகும் படிகளையே நேரடியாகத் தடுப்பவை. சிவப்பணுவை உடைப்பதில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் 3 வயது முதல் இவற்றைப் பரிந்துரைத்தது. முக்கியமான இரண்டு கூட்டு மருந்துகளின் தினசரி அளவு:

* சோஃபோஸ்புவிர் / வெல்படாஸ்விர், 12 வாரம். 17 கிலோவுக்குக் கீழ் 150 / 37.5 மி.கி.; 17 முதல் 29 கிலோ வரை 200 / 50 மி.கி.; 30 கிலோவும் அதற்கு மேலும் 400 / 100 மி.கி.
* கிளெகாப்ரெவிர் / பிப்ரெண்டாஸ்விர், 8 வாரம், உணவோடு. 12 முதல் 20 கிலோவுக்குள் 150 / 60 மி.கி.; 20 முதல் 30க்குள் 200 / 80; 30 முதல் 45க்குள் 250 / 100; 45 கிலோவும் அதற்கு மேலும் 300 / 120 மி.கி. மிதமான அல்லது கடுமையான கல்லீரல் செயலிழப்பு இருந்தால் இது கூடாது.

வைரஸின் எல்லா வகைகளிலும் இவை வேலை செய்வதால், மரபு வகைப் பரிசோதனைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பலன் எப்படி? சோஃபோஸ்புவிர் / வெல்படாஸ்விரைக் குழந்தைகளிடம் சோதித்த ஆய்வில் 12 முதல் 17 வயதினரில் 95 சதவீதமும், 6 முதல் 11 வயதினரில் 93 சதவீதமும், 3 முதல் 5 வயதினரில் 83 சதவீதமும் குணமடைந்தனர். சின்னஞ்சிறுவர்களிடம் பலன் குறைந்ததற்கு முக்கியக் காரணம் கசப்பு. குழந்தைகள் துப்பிவிட்டார்கள், ஆரம்ப நாள்களிலேயே மருந்து நின்றுபோனது. குருணை வடிவ மருந்தைப் புளிப்பில்லாத மென்மையான உணவில் தூவி, மெல்லாமல் 15 நிமிடத்துக்குள் விழுங்கவைப்பது இந்தச் சிக்கலைப் பெரிதும் குறைக்கும்.

அரிவாள் செல் குழந்தைக்குக் குறிப்பாகப் பார்க்க வேண்டிய மருந்து மோதல்கள்:

1. வலிப்பு மருந்துகள். பக்கவாதம் வந்த குழந்தை கார்பமசெபைன் அல்லது ஃபெனிட்டாய்ன் எடுத்துக்கொண்டிருக்கலாம். இவை ஹெபடைடிஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். நரம்பியல் மருத்துவரோடு பேசி முன்கூட்டியே வேறு மருந்துக்கு மாற வேண்டும். ரத்தப் பிரிவும் கல்லீரல் பிரிவும் நரம்பியல் பிரிவும் தனித்தனிச் சீட்டில் எழுதும் இடத்தில் இதுதான் முதலில் தவறும்.
2. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் இதே வேலையைச் செய்யும்.
3. ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பிகள் வெல்படாஸ்விர் உடலில் சேர்வதைக் குறைக்கும். ஆன்டாசிட் என்றால் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.
4. கிளெகாப்ரெவிர் எடுக்கும்போது பிலிருபின் சற்றுக் கூடலாம். ஏ.எல்.டி. கூடாமல் பிலிருபின் மட்டும் கூடியிருந்தால் பதறி மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

## ரத்தமேற்றத்தை நிறுத்தலாமா?

பயந்துபோய் நிறுத்துவதுதான் மிகப் பெரிய ஆபத்து. 2005இல் வெளிவந்த 'ஸ்டாப் 2' ஆய்வில், ரத்தமேற்றத்தை நிறுத்திய குழந்தைகளுக்கு மூளை ரத்தவோட்டம் பழையபடி அபாய அளவுக்குத் திரும்பியது. சிலருக்குப் பக்கவாதமும் வந்தது. ஹெபடைடிஸ் சி கல்லீரலைக் கெடுக்க ஆண்டுகள் ஆகும், அதற்கு மருந்தும் உண்டு. பக்கவாதத்துக்கு ஒரு நாள் போதும்.

பைகளின் எண்ணிக்கையைக் குறைக்க முறையான வழி இருக்கிறது. குறைந்தது ஓராண்டு ரத்தமேற்றம் பெற்று, மூளைக் குழாய்களில் கடுமையான சேதம் இல்லாத குழந்தைகளைப் படிப்படியாக ஹைட்ராக்ஸியூரியாவுக்கு மாற்றலாம் என்று 2016இல் வெளிவந்த 'ட்விட்ச்' ஆய்வு காட்டியது. அதுவும் டாப்ளர் கண்காணிப்போடு, மருத்துவர் முடிவு செய்த பிறகே. மூல உயிரணு மாற்று சிகிச்சைக்குத் திட்டமிருந்தால், ஹெபடைடிஸ் சியை அதற்கு முன்பே குணப்படுத்திவிடுவது நல்லது.

## வீட்டிலும் பள்ளியிலும்

கட்டியணைப்பதாலும், சேர்ந்து சாப்பிடுவதாலும், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலும் இது பரவாது. பள்ளிக்கு அனுப்பலாம். பல் துலக்கி, நகவெட்டி, சவரக் கத்தி ஆகியவற்றை மட்டும் பகிரக் கூடாது. ரத்தம் சிந்தினால் கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து துடைக்க வேண்டும்.

ஹெபடைடிஸ் ஏ, பி தடுப்பூசிகள் விடுபட்டிருந்தால் போட வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சளி மருந்திலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம் என்பதால், நெருக்கடி நாள்களில் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

## குணமான பின்

மருந்து முடிந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. தென்படாவிட்டால் குணமானதாகக் கொள்ளலாம். சிரோசிஸ் ஏற்கெனவே வந்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் தொடரும். இரும்பு நீக்க சிகிச்சையும் பழையபடி தொடரும்.

குணமானாலும் எதிர்ப்பான் பல ஆண்டுகள், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும், ரியாக்டிவ் என்றே காட்டும். ஆனால் அது காப்பு தராது, மறுபடியும் தொற்றலாம். எனவே அடுத்த ஆண்டிலிருந்து இந்தக் குழந்தைக்கு ஆண்டுப் பரிசோதனை எதிர்ப்பானாக இல்லாமல் ஆர்.என்.ஏ.வாக இருக்க வேண்டும். 12ஆம் வார அறிக்கையின் நகலை ரத்தமேற்றப் புத்தகத்திலேயே ஒட்டிவைத்தால், புதிய மருத்துவமனையில் எதிர்ப்பான் முடிவைப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும் குழப்பம் வராது.